உங்கள் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பாசன வரலாறு பற்றி முப்பது பக்கத்துக்கு ஒரு குறிப்பு தயாரித்து, பிடிஎஃப் ஆக்கி, இணைய வகுப்பில் ஏற்றினேன். வரைபடம், அட்டவணை எல்லாம் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. மறுநாள் காலையில் ஒரு மாணவி போன் செய்தார். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரை வைத்துத்தான் எல்லாப் பாடமும் படிப்பார்.

“சார், நோட்ஸை ஓட விட்டேன். தமிழே வரலை. எம், கே, எச்னு இங்கிலீஷ் எழுத்தா வந்துக்கிட்டே இருக்கு. என் போன்ல கோளாறோன்னு ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்.”

கோளாறு அவர் போனில் இல்லை. நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, அப்புறம் எச். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது மாதிரி. ஸ்க்ரீன் ரீடருக்கு அந்தப் போர்வை தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். முப்பது பக்கமும் அந்த மாணவிக்குப் பயன்படாமல் போனது.

இணையத்தில் பாடம் நடத்தப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் இருக்கலாம், டியூஷன் எடுக்கலாம், தையல் பயிற்சியோ போட்டித்தேர்வு வகுப்போ நடத்தலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வேர்டு, ஒரு போன், யூடியூப் கணக்கு, இவை போதும். ஒரே ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதைக் குரலாகக் கேட்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம், பிரெய்லில் தொட்டுப் படிக்கலாம், தேடலாம், குறைந்த டேட்டாவில் இறக்கலாம். கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் வேர் இதுதான்.

யாருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். காது கேளாதவர், கை நடுங்குவதால் மவுஸ் பிடிக்க முடியாதவர், எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா உள்ளவர், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர், எல்லோரும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பலர் சொல்லவே மாட்டார்கள். இவர்களோடு, தம்பி தங்கையோடு ஒரே போனைப் பங்குபோடும் பெண், இரவு வேலை முடித்து பஸ்ஸில் வரும்போது கேட்டுப் படிக்கும் பையன், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலக் கலைச்சொற்களை முதல்முறை பார்க்கிறவர், இவர்களும் உண்டு. ஒருவருக்காகச் செய்த மாற்றம் மற்றவருக்கும் உதவுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடுகளும் அதில் வந்தன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: உங்கள் எழுத்து உண்மையில் தமிழா என்று பாருங்கள்

கையில் இருக்கும் பழைய குறிப்பு ஒன்றைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புவது போல ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

வரி தமிழிலேயே வந்தால் அது யூனிகோடு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறை; நிம்மதி. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு, மாற்ற வேண்டும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது எழுத்தே அல்ல, போட்டோ. அதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

பழைய எழுத்துருவில் உள்ளதை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று தேர்ந்தெடுத்து, கோப்பைக் கொடுத்தால் யூனிகோடாகத் திருப்பித் தரும். “இருபது வருஷமா பாமினி விசைப்பலகையில விரல் பழகிப்போச்சே” என்று சங்கடப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விரலை மாற்ற வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர், இகலப்பை போன்ற மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பும் உண்டு. அதே விசையைத் தட்டலாம், யூனிகோடு வரும். புதிதாகக் கற்பவர் என்றால் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைப் பழகுங்கள். அதுவும், ஆங்கில எழுத்தின் ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முறையும் 2019 முதல் விண்டோஸ் 10-இலேயே சேர்ந்து வருகின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

யூனிகோடில் அடித்தாலும் இரண்டு தவறுகள் கண்ணுக்குத் தப்பிவிடும், காதுக்குத் தப்பாது. ஒன்று, ‘ர’ போட வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைப்பது. ‘அவர்’ என்ற சொல்லை இப்படி அடித்தால் பார்க்க அச்சு அசல் அதேதான். ஆனால் குரல் தடுமாறும், தேடினாலும் அந்தச் சொல் கிடைக்காது. மாற்றிகளில் போட்டு எடுத்த கோப்புகளில் இது ஏராளம். இன்னொன்று, ‘ஔவை’யின் முதல் எழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகப் பிரித்து அடிப்பது. குரல் ‘ஒளவை’ என்று மூன்று எழுத்துச் சொல்லாகப் படிக்கும். தேடி மாற்றும் வசதியில் இவற்றை ஒரே தடவையில் சரிசெய்துவிடலாம்.

பிடிஎஃப் பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடில் இருந்தாலும் தமிழ் பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறிப் போவது உண்டு. ‘பொது’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், ‘ப’ ஒரு பக்கம் என்று சிதறும். அதனால் பிடிஎஃப் போட்டால் கூடவே வேர்டு கோப்பையும் போடுங்கள், அல்லது பாடத்தை இணையப் பக்கமாகவே எழுதிவிடுங்கள். என் வகுப்பில் இப்போது வேர்டுதான் முதல். அச்சிட விரும்புகிறவருக்கு மட்டும் பிடிஎஃப். அதையும் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியாக எடுக்காமல், ‘சேவ் ஆஸ்’ போய்ப் பிடிஎஃப் என்று சேமியுங்கள். முதல் வழியில் தலைப்பு, பட விளக்கம் போன்ற அமைப்பு எல்லாம் உதிர்ந்துவிடும்; இரண்டாவதில் தங்கும்.

போட்டோவாக இருக்கும் பக்கங்கள்

புத்தகத்தின் நான்கு பக்கத்தைப் போனில் படம் பிடித்துக் குழுவில் போடுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் ‘படம்’. பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கும் எழுத்து மங்கி உடைந்து தெரியும்.

கூகுள் டிரைவில் அந்தப் படத்தை ஏற்றி, அதன்மேல் வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே எழுத்து வந்துவிடும். நேராகப் பிடித்த, நிழல் விழாத படம் என்றால் தமிழும் நன்றாகவே வரும். அப்படியே நம்பிப் போட்டுவிடாதீர்கள். எ-ஏ, ஒ-ஓ மாறிப்போகும், புள்ளி விழுந்துவிடும், ‘ர’வும் காலும் இடம் மாறும், இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் வரிகள் குறுக்கே ஓடிக் கலந்துவிடும். ஒரு தடவை உட்கார்ந்து திருத்தினால் அடுத்த ஐந்து ஆண்டுக்கும் அந்தப் பாடம் பயன்படும்.

பதிப்புரிமை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: அச்சைப் படிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு நூலை அவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் இடம் தருகிறது. அவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், லாபத்துக்கு விற்கக் கூடாது. நீங்கள் பாடமாக வைக்கும் நூல் சுகம்ய புஸ்தகாலயாவில் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். 2016-இல் தொடங்கிய இணைய நூலகம் அது; அச்சைப் படிக்க முடியாதவர்கள் உறுப்பினராகி நூல்களை இறக்கிக்கொள்ளலாம்.

தலைப்பைத் தலைப்பு என்று சொல்லுங்கள்

ஒரு வரியைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைத்தால் பார்க்கிறவருக்கு அது தலைப்பு. ஸ்க்ரீன் ரீடருக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். முப்பது பக்கக் குறிப்பில் கல்லணை பற்றிய பகுதி எங்கே என்று தேட, அந்த மாணவி முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

வேர்டில் ‘ஹோம்’ பட்டையில் ‘ஸ்டைல்ஸ்’ என்ற இடத்தில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று இருக்கும். பாடத்தின் பெயருக்கு 1, பகுதிகளுக்கு 2, அதற்குள் வரும் சிறு தலைப்புகளுக்கு 3. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எண்ணைத் தட்டினாலும் போதும். கூகுள் டாக்ஸிலும் அதே விசைதான். உருவம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டைலின் அளவையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். இப்படிப் போட்ட பாடத்தை இணையப் பக்கமாக ஏற்றினால், ஸ்க்ரீன் ரீடரில் ‘எச்’ விசையைத் தட்டத் தட்ட ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். தானாகப் பொருளடக்கமும் வரும், போனில் படிக்கிறவரும் தொட்டுத் தாவலாம்.

இணைப்புகளுக்கும் இதே கதை. ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று பத்து இடத்தில் போட்டிருந்தால், இணைப்புகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்கிறவருக்கு “இங்கே, இங்கே, இங்கே” என்று பத்து முறை வரும். ‘மேட்டூர் அணை பற்றிய ஒலிப்பாடம்’ என்று சேரும் இடத்தின் பெயரையே இணைப்பாக்குங்கள். கோப்பின் பெயரும் அப்படித்தான்; ‘புதியது-2-ஃபைனல்’ யாருக்கும் எதுவும் சொல்லாது.

அட்டவணை வேண்டிய இடத்தில் மட்டும் அட்டவணை போடுங்கள். கட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள். மூன்று பத்திக்கு மேல் போனால் போன் திரையில் யாருக்கும் நிற்காது.

படங்களுக்கு வாய் கொடுப்பது

வேர்டில் படத்தின்மேல் வலது கிளிக் செய்தால் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்று வரும். அங்கே எழுதுவதுதான் படத்தைப் பார்க்க முடியாதவர் காதில் விழும். சில சமயம் வேர்டு தானாகவே ஏதாவது எழுதி வைத்திருக்கும். அதை அழித்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.

என் முதல் முயற்சியில் ‘காவிரி வரைபடம்’ என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டவருக்கு வரைபடம் ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. இந்தப் படத்தை எதற்காகப் போட்டேன் என்று கேட்டுக்கொண்டு பிறகு மாற்றி எழுதினேன்: ‘காவிரி குடகில் தலைக்காவிரியில் தொடங்கி, மேட்டூர், ஈரோடு, திருச்சி வழியாகக் கிழக்கே ஓடிப் பூம்புகாரில் கடலில் சேர்கிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் வடக்குக் கிளையாகப் பிரிகிறது.’ இரண்டே வாக்கியம். ‘இந்தப் படத்தில்’ என்று தொடங்க வேண்டாம். படம் என்பதை ஸ்க்ரீன் ரீடரே சொல்லிவிடும். ஓரத்தில் போட்ட கோலம், பூ மாதிரி அலங்காரத்துக்கு விளக்கம் தேவையில்லை. அலங்காரம் என்று குறிக்க அதே இடத்தில் ஒரு கட்டம் இருக்கும்.

ஒரே படத்துக்குப் பாடத்தைப் பொறுத்து விளக்கம் மாறும். கல்லணையின் புகைப்படத்தைச் சுற்றுலாப் பாடத்தில் போட்டால் அதன் நீளமும் அழகும் பேசலாம். பாசனப் பாடத்தில் மதகுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதுதான் பேச்சு. வரைபடக் கோடுகள், பட்டைகள் போன்ற புள்ளிவிவரப் படம் என்றால் விளக்கத்தில் முக்கியமான போக்கைச் சொல்லிவிட்டு, எண்களைக் கீழே சிறு அட்டவணையாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு விளக்கத்தைப் படத்தோடேயே செய்தியாக எழுதிவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு மூச்சுவிட இடம்

இதைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகளில் கிடைக்காது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும் உண்டு. கீழே கு, மு, ழு என்று வால் இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் இடித்துக்கொள்ளும். பார்வை மங்கியவருக்குப் புள்ளி எந்த வரியைச் சேர்ந்தது என்றே தெரியாது. ‘கல்’லும் ‘கல’வும் வேறாவது அந்தப் புள்ளியால்தானே. வரி இடைவெளியை 1.5 வையுங்கள்.

அடிக்கோடு போடாதீர்கள், ‘மு’, ‘கு’ வாலை அது வெட்டும். அழுத்தம் வேண்டுமானால் தடிமன் போதும். சாய்வெழுத்து தமிழுக்கு இயல்பில்லை, எழுத்துகளைக் குழப்பும், தவிருங்கள். இரண்டு ஓரமும் நேராக வரும்படி இழுத்து வைத்தால், தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா போன்ற தெளிவானவை நல்லது. வளைந்து நெளியும் அலங்கார எழுத்துரு அழைப்பிதழுக்கு இருக்கட்டும்.

நிறத்துக்கு ஓர் எண் இருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரம் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கிறது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்துக்கு எல்லைக்கோடு 767676 என்ற நிறக் குறியீடு. அதைவிட வெளிறினால் தேறாது. வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். வெப்எய்ம் என்ற அமைப்பின் இணையதளத்தில் இரண்டு நிறத்தைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லிவிடும். வெயிலில் நின்று போனைப் பார்க்கும் மாணவருக்கும் இந்த எண் உதவுகிறது.

‘சிவப்பில் உள்ளவை தவறான விடைகள்’ என்று எழுதாதீர்கள். நிறத்தோடு ‘தவறு’ என்ற சொல்லையும் சேருங்கள்.

பேசும்போதும் படம் எடுக்கும்போதும்

வீடியோ எடுப்பதற்கு முன் என்ன பேசப்போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் அந்த எழுத்தே பின்னால், வீடியோவின் கீழே பேச்சோடு ஓடும் கேப்ஷன் ஆகும், அதே எழுத்து வாசிப்புக் குறிப்பாகவும் ஆகும்.

பேச்சில் பெரிய சிக்கல் ‘இங்கே’, ‘இப்படி’, ‘இது’. கரும்பலகைப் பழக்கம் நம்மை விடாது. “மேட்டூர் இங்கே இருக்கு, தண்ணி இப்படி வந்து இங்கே ரெண்டா பிரியுது” என்று விரலைக் காட்டிப் பேசினால், பார்க்க முடியாதவருக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. “மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் ஈரோடு, கரூர் தாண்டி, முக்கொம்பில் இரண்டாகப் பிரியுது, வடக்கே போறது கொள்ளிடம், தெற்கே போறது காவிரி” என்று சொல்லிப் பாருங்கள். நேரமும் கூடாது. பஸ்ஸில் போனைப் பையில் வைத்துக்கொண்டு காதில் மட்டும் கேட்கிறவருக்கும் பாடம் முழுசாகப் போய்ச் சேரும்.

கேப்ஷன் கட்டாயம் வேண்டும். இயந்திரம் தானாகப் போடும் கேப்ஷன் இருந்தாலும் வரிவரியாகப் பார்த்துத் திருத்தாமல் விடாதீர்கள். ல, ள, ழ மூன்றையும் அது அடித்துப் புரட்டும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பிழையாக வரும். நீங்களே செய்வதென்றால் நோட்பேட் போதும். ஒவ்வொரு துண்டும் இப்படி இருக்கும்:

1
00:00:04,000 --> 00:00:08,500
மேட்டூர் அணை 1934-இல்
கட்டி முடிக்கப்பட்டது.

முதலில் வரிசை எண், அடுத்து தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழ் பேச்சு, அப்புறம் ஒரு வெற்று வரி. இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். எஸ்ஆர்டி என்ற பின்னொட்டோடு சேமியுங்கள். சேமிக்கும்போது ‘என்கோடிங்’ என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கட்டும், இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். மணி அடிக்கிறது, தண்ணீர் பாயும் சத்தம் கேட்கிறது என்று பாடத்துக்குத் தேவையான ஒலிகளையும் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பிறவியிலேயே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகை மொழி. தமிழ் அவர்களுக்குக் கண்ணால் கற்ற இரண்டாம் மொழி. நீண்ட கூட்டு வாக்கியமும் சிலேடையும் கேப்ஷனில் அவர்களைத் திணறடிக்கும். சிறு வாக்கியமாகப் பேசுங்கள். முடிந்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஓரத்தில் ஒரு சட்டத்துக்குள் காட்டுங்கள். கை முழுதாகத் தெரியும் அளவுக்கு அந்தச் சட்டம் பெரிதாக இருக்க வேண்டும். பேசும்போது உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும், வாயசைவு பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

டேட்டா கணக்கு

போனில் உயர்தரத்தில் எடுத்த பத்து நிமிட வீடியோ பல நூறு எம்பி வரும். அதே பத்து நிமிடப் பேச்சை விநாடிக்கு 32 கிலோபிட் அளவில் ஒலிக்கோப்பாக எடுத்தால் 2.4 எம்பி. முப்பது பக்கத் தமிழ் எழுத்து, படங்கள் இல்லாமல், 200 கேபிக்குள் முடிந்துவிடும். மூன்றையும் கொடுங்கள், எது முடியுமோ அதை மாணவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் ‘வீடியோ, 10 நிமிடம், 60 எம்பி’ என்று எழுதிவிட்டால், மாதக் கடைசியில் ரீசார்ஜ் செய்யக் காசில்லாத பிள்ளைக்கு எதைத் தொடுவது என்று முன்பே தெரியும்.

கலைச்சொற்களும் இங்கேயே. முதல்முறை வரும்போது விரித்துச் சொல்லுங்கள். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று எழுதிவிட்டுப் போனால் பாதிப் பேருக்கு அது வெறும் எண். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி என்று ஒரு வரி சேருங்கள். பாட முடிவில் பத்துச் சொல் கொண்ட சொற்பட்டியல், தமிழும் ஆங்கில உச்சரிப்பும் சேர்த்து, ஒன்று இருந்தால் தமிழ்வழியில் வந்தவருக்குப் பெரிய ஆறுதல்.

தேர்வு வைக்கும்போது

எழுத்துத் தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. இணையத் தேர்வின் கடிகாரத்துக்கு இது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூடில் என்ற இணைய வகுப்புத் தளத்தில் தேர்வுக்குள் போய் ‘ஓவர்ரைட்ஸ்’ என்ற இடத்தில் அந்த மாணவரின் பெயரைச் சேர்த்து, 60 நிமிடத்தை 80 ஆக்கலாம். மற்றவர்களுக்குத் தெரியாது, அவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தைய நாளே இதைச் செய்துவிடுங்கள். தொடங்கிய பிறகு தவிக்கும் நிமிடங்கள் மாணவருடையவை.

இழுத்துப் பொருத்தும் வினா, படத்தில் இடத்தைத் தொடும் வினா எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். விசைப்பலகையால் மட்டும் வேலை செய்கிறவரால் பெரும்பாலும் முடியாது. அதே அறிவைத் தேர்ந்தெடுக்கும் வினாவாகவோ ஒரு வரி விடையாகவோ கேட்கலாம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டர், அம்புக்குறி விசைகளால் மட்டும் உங்கள் தேர்வை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். எங்கே மாட்டுகிறீர்களோ அங்கே அவர்களும் மாட்டுவார்கள்.

காதால் சோதிப்பது

கடைசிப் படி, ஆனால் தவிர்க்கவே கூடாதது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் ‘அணுகல்தன்மை’ என்ற இடத்தில் டாக்பேக் என்ற ஸ்க்ரீன் ரீடர் இருக்கும். ஆன் செய்வதற்கு முன் அணைக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்: குறுக்குவழியை அங்கேயே இயக்கி வைத்தால், ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் போதும். எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்பில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். டாக்பேக்கில் வலப்பக்கம் விரலை இழுத்தால் அடுத்ததற்குப் போகும். இரண்டு முறை தட்டினால் திறக்கும்.

கணினிக்கு என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர், மைக்கேல் கர்ரனும் ஜேம்ஸ் டேவும், வளர்த்தெடுத்த மென்பொருள். முதலாமவர் 2006-இல் தொடங்கினார். இன்றும் இலவசம். தமிழ் இடைமுகம் உண்டு, கூடவே வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. ஈஸ்பீக் கொஞ்சம் உலோகத்தனமாக இருக்கும். விண்டோஸின் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பை நிறுவினால் ‘வள்ளுவர்’ என்ற குரல் கிடைக்கும்.

இனி உங்கள் பாடத்தைத் திறந்து, திரையை அணைத்து, பத்து நிமிடம் கேளுங்கள். எந்த இடத்தில் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நகர்கிறது, எங்கே ஒரு சொல் உடைகிறது, எங்கே வழி தவறுகிறீர்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். வேர்டில் ‘ரிவ்யூ’ பட்டையில் ‘செக் ஆக்சஸிபிலிட்டி’ என்ற சோதனையும் இருக்கிறது. விடுபட்ட பட விளக்கத்தை அது பிடிக்கும். எழுதிய விளக்கம் உருப்படியானதா என்று அதற்குத் தெரியாது. அதைக் கேட்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் வகுப்பு தொடங்கும் முதல் நாளே ஓர் அறிவிப்பு போடுங்கள். நான் போடுவது இது: ‘பாடங்கள் எழுத்து, ஒலி, வீடியோ மூன்றிலும் கிடைக்கும். உங்களுக்கு வேறு வடிவமோ கூடுதல் நேரமோ வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள் அல்லது குரல் செய்தி அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.’ கடைசி வரியைச் சேர்த்த பிறகுதான் செய்திகள் வரத் தொடங்கின.

பழைய முப்பது பக்கத்தையும் யூனிகோடாக்கி, தலைப்புகள் போட்டு, படங்களுக்கு விளக்கம் எழுதி, அந்த மாணவிக்கே முதலில் அனுப்பினேன். மாலையில் குரல் செய்தி வந்தது. “சார், இப்ப நல்லா வருது. ஆனா வரைபடத்துல முக்கொம்பு சொல்லிட்டீங்க, கல்லணையில வெண்ணாறு பிரியறதை விட்டுட்டீங்களே. பாடத்துல பின்னாடி வெண்ணாறு வருது, அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம முழிச்சேன்.” வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வெண்ணாற்றின் கோடு அதில் இருந்தது, பெயர் எழுதியிருக்கவில்லை. பார்க்கிற நாற்பது பேரும் அதைக் கேட்காமலே கடந்து போயிருந்தார்கள். விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன், வரைபடத்திலும் பெயரை எழுதினேன்.